அரைப் பல் டாவா

கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி. பின்னால் ஏழெட்டு ஸ்கூட்டர்கள். தூறல் விடவில்லை.

சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணுவது என் பழக்கம். அன்றைக்கு எண்ணவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கைகள் வழியாக ஒரு நடுக்கம் முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தது.

"ரயில் போறதால அதிருதா?" என்று கேட்டாள் மரகதம். என் மனைவி. பக்கத்து இருக்கையில் கழுத்துக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி அசையாமல் இருந்தாள்.

"ஆமா" என்றேன்.

ரயில் போய்விட்டது. தண்டவாளம் அமைதியானது. கார் அமைதியாகவில்லை. டாஷ்போர்டின் மேல் வைத்திருந்த ஆஸ்பத்திரிக் கோப்பு தானாகவே நகர்ந்து நகர்ந்து கண்ணாடி ஓரத்துக்குப் போய்விட்டது. பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் ஸ்கூட்டர்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு தலை.

மரகதமும் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏங்க, கண்ணாடில எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. உங்களுக்கும் அப்படித்தானா? இல்ல, நல்ல கண்ணும் போயிடுச்சா?"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. வண்டிதான் நடுங்குது."

"அப்ப சரி" என்று மூச்சு விட்டாள்.

எஞ்சின் கெட்டுப்போனதைக் கேட்டு ஒருவர் நிம்மதி அடைந்ததை என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. முந்தின நாள்தான் அந்த எஞ்சினைத் திறந்து மூடியிருந்தோம். அதுவரை அது நடுங்கியதே இல்லை.

ஜெர்க் கூடாது

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் இருக்கும்.

மரகதத்தின் வலது கண்ணில் சில நாட்களாகக் கறுப்பு நூல்கள் மிதந்தன. கொசு என்று நினைத்துக் கையால் விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அந்தக் கண்ணின் ஓரத்தில் திரை இழுத்து விட்டது மாதிரி ஒரு பக்கம் இருண்டது. அதன் பிறகுதான் என்னிடம் சொன்னாள். டாக்டரிடம் போனது ஒரு புதன்கிழமை.

விழித்திரை கிழிந்து, பின்சுவரிலிருந்து உரிய ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். "நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் பிரிந்துவிட்டால், பார்வையைத் திருப்பித் தருவதாக நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் வெள்ளிக்கிழமை பரிசோதனைகள். ஞாயிறு மாலை சேர்க்க வேண்டும். அதுவரை குனியக் கூடாது, தூக்கக் கூடாது, ஜெர்க் கூடாது. கடைசியை மூன்று தடவை சொன்னார். ஆட்டோவில் கூட்டிவராதீர்கள் என்றும் சொன்னார். புனே ஆட்டோவில் போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டாக்ஸி வைத்துக்கொள்ளலாமே என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அன்றைக்குப் புனேயில் டாக்ஸி என்பது ஸ்டேஷன் வாசலில் நின்று பம்பாய்க்கு ஆள் சேர்க்கும் வண்டி. ஆக, எங்கள் கார்தான். நான்கு சிலிண்டர், பெட்ரோல், நான் இரண்டாம் கையாக வாங்கியது.

இப்படியொரு நேரத்தில் மற்றவர்கள் சாமியிடம் போவார்கள். நான் காரின் பராமரிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அறுபதாயிரம் கிலோமீட்டரில் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. மீட்டர் அதைத் தாண்டி நானூறு காட்டியது.

டைமிங் பெல்ட் என்பது உள்பக்கம் பற்கள் வைத்த ரப்பர்ப் பட்டை. எஞ்சினின் அடியில் சுற்றும் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் அது சேர்த்துக் கட்டியிருக்கிறது. இரண்டு தண்டுகளின் முனையிலும் பல் சக்கரங்கள், அவற்றில் மார்க் என்று ஒரு கோடு. மார்க்குகள் தத்தம் இடத்தில் நிற்கும்படி பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் தப்பான நேரத்தில் மூச்சு வாங்கும். பெல்ட் அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

"ஓடற வண்டியை இப்ப எதுக்குப் பிரிக்கணும்?" என்றாள் மரகதம்.

"நடு ரோட்டுல உன்னை வெச்சுக்கிட்டு அறுந்து போனா?"

"இத்தனை நாள் அறுந்துதா?"

"அறுந்தப்புறம் மாத்தறதுக்குப் பேரு மெயின்டனன்ஸ் இல்ல."

அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

ஜன்னல் வழியாகக் கையெழுத்து

நான் வேலை பார்த்தது ராணுவத்துக்கு வரும் வண்டிகளைத் தரம் பார்க்கும் பிரிவில். முப்பது வருடம். லாரியின் போல்ட் ஒவ்வொன்றும் எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது வேலை. அங்கே ஒரே ஒரு மதம்தான்: செய்தவன் ஒருவன், சரிபார்ப்பவன் வேறொருவன். சரிபார்ப்பவன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒரு மழை நாளில் என் சக ஊழியர் ஒருவர், வெளியே வரிசையாக நின்ற ஆறு லாரிகளுக்கு ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துவிட்டேன். மேலே எழுதிவிட்டேன். அவருக்கு வர வேண்டிய பிரமோஷன் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று.

"லாரில ஒரு குறையும் இல்லையே சார்" என்றார் அவர் பின்னொரு நாள், கேன்டீனில்.

"குறை இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். எனக்கு உறுத்தவே இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்படிப்பட்டவன் நான். இதை வாசகர் மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவது நன்றாகப் புரியும்.

வியாழக்கிழமை

மெக்கானிக் செல்வராஜுக்கு கோர்படியில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. நாற்பது வயது இருக்கும். அப்பா வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். செல்வராஜ் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் புனேயில். படித்தது மராத்திப் பள்ளியில். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஸ்பானரை 'பானா' என்பார். கொத்தமல்லியை 'கோத்திம்பீர்' என்பார். வேண்டாம் என்பதை 'நக்கோ' என்பார். அவரைப் பொறுத்தவரை அதெல்லாம் தமிழ்தான்.

வேலை என் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று அவரை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னேன். கட்டடத்தின் தரைத்தளத்தில் எங்கள் வீடு. அதை ஒட்டிக் கார் நிறுத்தும் இடம். மேலே கூரை, பக்கத்தில் சுவர், நல்ல வெயிலிலும் அரை இருட்டுதான். புனேயில் வியாழக்கிழமை மின்சாரம் கிடையாது. வயர்களைச் சரிபார்ப்பதற்காக வாரம் ஒரு நாள் நிறுத்துவார்கள். அந்த வியாழக்கிழமையும் நிறுத்தியிருந்தார்கள். மழை மூட்டம் வேறு.

"நாளைக்குப் பண்ணுவோமா சார்? லைட்டும் இருக்கும்" என்றார் செல்வராஜ்.

"நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போகணும்."

"அக்காக்கு எந்தக் கண்ணு?"

"வலது."

"டென்ஷன் நக்கோ சார். எக்தம் ஸ்மூத்தா பண்ணித் தர்றேன். அக்கா வண்டில தூங்கிட்டே போலாம்."

முன் சக்கரத்தைக் கழற்றி, அந்த வழியாகக் கையை விட்டுக் கீழ்ப் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார் அவர். மேலே பானட்டுக்குள் குனிந்து, மேல் சக்கரத்தை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டேன் நான். பழைய பெல்ட் வெளியே வந்தது. விரிசல் ஒன்றும் இல்லை. மரகதம் அதைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

புது பெல்ட்டின் ரப்பர் மணம் கையில் ஏறியிருந்தது. கீழேயிருந்து செல்வராஜின் குரல் வந்தது.

"சார், மேல் சக்கரத்தை அரைப் பல்லு டாவாக்குத் தள்ளிப் பிடிங்க. டைட் பண்றப்ப அதுவா இழுத்துக்கிட்டு மார்க்குக்கு வந்துரும்."

அந்த உத்தி எனக்குத் தெரிந்ததுதான். புது பெல்ட்டை இறுக்கும்போது மேல் சக்கரம் கொஞ்சம் இழுபடும். அதற்காக முன்கூட்டியே அரைப் பல் எதிர்ப்பக்கம் விட்டு வைப்பார்கள்.

'டாவா' என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இந்தி தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்கு வைக்கும் இந்தித் தேர்வுகள் எல்லாவற்றிலும் எங்கள் ஆபீசில் முதலாவதாக வந்தவன். சான்றிதழ் கூடத்தில் தொங்குகிறது. இந்தியில் வலது 'தாயாம்'; இடது 'பாயாம்'. தாயாம் என்பது இந்த ஊர் வாயில் புரண்டு புரண்டு டாவா ஆகியிருக்கிறது என்று மொழியியல் ரீதியாக ஒரு முடிவுக்கு வந்தேன். வலது பக்கம் அரைப் பல் தள்ளிப் பிடித்தேன்.

பெல்ட் ஏறியது. இறுக்கினார். கீழ்ச் சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார். இது கட்டாயம் செய்ய வேண்டியது. சுற்றி நிறுத்திய பிறகு மேலேயும் கீழேயும் மார்க் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"கீழ மேட்ச் ஆயிடுச்சு. மேல மார்க் பாருங்க சார்."

டார்ச்சை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. மரகதம் கட்டிலில் படுத்திருந்தாள். போன் அடித்தால் ஓடிப் போய் எடுப்பது அவள் சுபாவம். ஓடினால் ஜெர்க்.

"நீ எந்திரிக்காத, நான் வரேன்" என்று கத்தினேன்.

"சார், மார்க்?"

"சரியா இருக்கு" என்றேன், வாசற்படியில் ஏறிக்கொண்டே.

போனில் ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். நான் திரும்பி வந்தபோது செல்வராஜ் மூடியை மாட்டிக் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் தவறில்லை. தரம் பார்த்தவன் பாஸ் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் நான் தெருவைச் சுற்றி ஒரு வட்டம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. மழை வலுத்திருந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன்

வெள்ளிக்கிழமை ரயில்வே கேட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பரிசோதனைகள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மரகதத்தைப் படுக்க வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து நடுக்கத்துக்கான காரணங்களை எழுத ஆரம்பித்தேன்.

நின்றால் நடுக்கம் அதிகம். ஓடினால் குறைகிறது. மேட்டில் இழுக்கவில்லை. முதலில் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர்கள். பிறகு ஸ்பார்க் பிளக். பிளக்குக்குப் போகும் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா. கார்புரேட்டரின் காற்றுக் குழாய் எதுவும் கழன்றிருக்கிறதா.

பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளியை அளந்தேன். வயர்கள் முறைப்படி இருந்தன. குழாய்கள் இடத்தில் இருந்தன. எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அதன் வயரைப் பிடுங்கும்போது வித்தியாசம் தெரியாது. நான்கிலும் ஒரே அளவு வித்தியாசம் தெரிந்தது. அதாவது நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன. நான்கும் ஒரே அளவு சோர்வாகச் செய்கின்றன.

நான்குக்கும் பொதுவான குறை என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் பையனுக்குக்கூடத் தெரியும். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தாளில் கடைசி வரியாக 'டைமிங் மார்க்' என்று எழுதினேன். பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்றும் எழுதினேன்.

பொய் எழுதுகிறோம் என்று தோன்றவில்லை. உண்மையாகவே பார்த்த மாதிரி இருந்தது. பழக்கம் அப்படி. முப்பது வருடமாக 'சரியா இருக்கு' என்று வாய் சொல்வதற்கு முன்னால் கண் பார்த்திருந்தது. அதனால் வாய் சொன்னதும் கண் பார்த்ததாக நான் நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் செல்வராஜின் பட்டறைக்கு வண்டியை எடுத்துப் போய், எஞ்சின் ரப்பர்களை மாற்றச் சொன்னேன். மாற்றினார். ஸ்டார்ட் செய்தோம். நடுக்கம் அப்படியே இருந்தது.

செல்வராஜ் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சார், கவரைத் தொறந்து ஒருக்கா மார்க் பாத்துருவோமா?"

"நான் பார்த்தேன்."

"பாத்தீங்க சார். இருந்தாலும் ஒருக்கா..."

"செல்வராஜ், நீ ஸ்பானர் பிடிக்கறதுக்கு முன்னாலேர்ந்து நான் மார்க் பார்த்துட்டு இருக்கேன். நீ கீழ என்ன பண்ணேன்னு எனக்குத் தெரியாது. கண்ணு போற விஷயம் இது. உன்னை நம்பினது என் தப்பு."

பட்டறையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள். ஆனால் குரலுக்கு மொழி வேண்டியதில்லை. இரண்டு பேரும் தங்கள் ஸ்கூட்டர்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

செல்வராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்காவை வேற யார் வண்டிலயாவது கூட்டிட்டுப் போங்க சார்" என்றார் கடைசியில். "இந்த வண்டில நக்கோ."

ரப்பருக்குக் கூடப் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

வேறு வண்டிக்கு முயன்றேன். மாடி வீட்டுக்காரர் நாசிக் போயிருந்தார். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வருகிறேன் என்றார். அவர் பிரேக் போடும் அழகு எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

ஞாயிறு பிற்பகல் நானே ஓட்டினேன். நின்றால்தானே நடுக்கம் என்று நிற்காமல் ஓட்டப் பார்த்தேன். தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, அது பச்சையாகும் வரை ஊர்ந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்ததைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிச் சுற்று வழியில் போனேன். பின்னால் வந்தவர்கள் மராத்தியில் என்னைப் பற்றிச் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் மரகதம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சிக்னலில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

"திரை பெருசாகுதா?" என்று கேட்டேன்.

"கேக்காதீங்க" என்றாள்.

கூடத்தில் தொங்கும் சான்றிதழ்

வார்டில் ஒரு நர்ஸ். நடுத்தர வயது, காதோரம் நரை, வேகமான கை. மரகதத்தைப் படுக்க வைத்துக் கண்ணில் மருந்து விட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, மாத்திரை என்ன. எல்லாவற்றுக்கும் இந்தியில் பதில் சொன்னேன், இலக்கணம் பிசகாமல்.

"டோளா? டாவா?" என்றாள். டோளா என்றால் கண் என்று சுவரில் இருந்த படத்திலிருந்து தெரிந்துகொண்டிருந்தேன்.

"ஹாங் ஜீ. தாயாம்" என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தினாள். "டாவா?"

பாவம், அவளுடைய உச்சரிப்புக்கு நாம் இறங்கி வரலாம் என்று நினைத்தேன். "ஹாங். டாவா."

எழுதிக்கொண்டாள். டிரேயிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரியை வெட்டினாள். எந்தக் கண் என்று அறுவை அறையில் தெரிவதற்காகப் புருவத்துக்கு மேல் ஒட்டும் அடையாளம். மரகதத்தின் நெற்றியைத் துடைத்து, இடது புருவத்துக்கு மேல் ஒட்டினாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எதிரே நிற்பவனுக்கு வலது இடது மாறித் தெரியும் என்று எண்ணினேனோ, ஒன்றுமே எண்ணவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மரகதம் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி நெற்றியைத் தொட்டாள்.

"ஹா டோளா நாஹீ, சிஸ்டர்" என்றாள். "உஜ்வா."

"மிஸ்டர்தான் டாவா என்றார்" என்று நர்ஸ் மராத்தியில் சொன்னாள் போலிருக்கிறது. இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். என் மனைவிக்கு அவ்வளவு மராத்தி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிளாஸ்திரி வலது புருவத்துக்கு மாறியது. தாளில் ஒரு சொல் அடிக்கப்பட்டது. நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"டாவான்னா எடதுங்க, உஜ்வான்னாதான் வலது" என்றாள் மரகதம். "காய்கறிக்காரி தெனம் சொல்றா, டாவா தராசு, உஜ்வா தராசுன்னு. இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல என்னதான் பண்ணீங்க?"

"இந்தில தாயாம்னா..."

"அவங்க இந்தி பேசலை."

கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்படியும் அறுவை அறையில் டாக்டர் கோப்பைப் பார்த்திருப்பார், தப்பு நடந்திருக்காது. மூன்று இடத்தில் சரிபார்ப்பார்கள். ஆனால் அடுத்தவன் சரிபார்ப்பான் என்ற தைரியத்தில்தான் ஒவ்வொருவனும் பார்க்காமல் விடுகிறான். இது எனக்குத் தெரிந்த தொழில்.

கை ஏனோ ரப்பர் மணத்தை நினைத்துக்கொண்டது. அரைப் பல்லு டாவாக்கு. நான் தள்ளியது வலப்பக்கம் அரைப் பல். தள்ள வேண்டியது இடப்பக்கம் அரைப் பல். இரண்டையும் கூட்டினேன். கூட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை: ஒரு முழுப் பல்.

"ஏன் பேசாம இருக்கீங்க?" என்றாள் மரகதம்.

"வண்டி ஏன் நடுங்குதுன்னு தெரிஞ்சு போச்சு."

"யாரால?"

அவள் கண்ணை மூடியிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. "என்னால" என்றேன்.

பட்டறையில்

திங்கட்கிழமை ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. டாக்டர் வெளியே வந்து, "ஒட்ட வைத்திருக்கிறோம். ஒட்டிக்கொள்கிறதா என்று கட்டுப் பிரிக்கும்போதுதான் தெரியும்" என்றார். நடுப்பகுதி பிரியவில்லையே என்று கேட்டேன். "அதன் ஓரம் வரை உரிந்து வந்துவிட்டிருந்தது" என்றார். இரண்டு கண்ணையும் கட்டியிருந்தார்கள். நல்ல கண் அசைந்தால் இதுவும் அசையுமாம்.

ஓரம் வரை வந்தது எப்போது? கேட்டில் நின்றபோதா, சிக்னலிலா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். மரகதம் மயக்கத்தில் இருந்தாள். பிற்பகலில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கோர்படிக்குப் போனேன்.

செல்வராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அக்காக்கு?"

"ஆபரேஷன் ஆயிடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு."

தலையை ஆட்டினார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வரும் வழியில் ஒரு நல்ல வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அது வரவில்லை. "செல்வராஜ், நீ டாவான்னு சொன்னே. எனக்கு அது இடதுன்னு தெரியாது. வலது பக்கம் தள்ளிட்டேன். அப்புறம் மார்க்கும் பார்க்கலை. போன் வந்துதுன்னு, பார்க்காமயே சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வந்தது வேறொரு சந்தேகம்.

"டாவா தமிழ் இல்லையா சார்?"

"இல்லப்பா. மராத்தி."

"எங்கப்பாவும் டாவான்னுதான் சொல்வார்." நெற்றியைத் தேய்த்தார். "அப்ப தமிழ்ல என்ன?"

"இடது."

"அது கட்சிக்காரங்க பேரு இல்ல?" என்றார்.

பிறகு ஸ்டூலை எனக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, உட்காரவும் சொல்லாமல், வண்டிப் பக்கம் போனார். முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசினார்.

"மூணு நாளா சோறு எறங்கலை சார். கீழ் மார்க்கை நான்தான் தப்பா வெச்சுட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அக்கா கண்ணு என் கையால போச்சுன்னா என்ன பண்றதுன்னு. வீட்டுல கூடச் சொல்லலை."

அவர் கழற்றிப் போட்ட போல்ட்டுகளைப் பொறுக்கி ஸ்டூலின் மேல் வரிசையாக வைத்தேன்.

மூடியைத் திறந்தார். கீழ்ச் சக்கரத்தை அதன் மார்க்குக்குக் கொண்டுவந்தார். "வாங்க சார், பாருங்க." மேல் சக்கரத்தின் கோடு ஒரு பல் தள்ளி, எல்லோருக்கும் தெரியும்படி, வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமை டார்ச்கூட வேண்டியிருந்திருக்காது.

பெல்ட்டைத் தளர்த்தி, சரியாக மாட்டி, இறுக்கினார். இந்தத் தடவை மேல் சக்கரத்தை அவரே பிடித்துக்கொண்டார். கீழ்ச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றச் சொல்லி என்னைக் கீழே உட்கார வைத்தார். அரசாங்கத்தில் முப்பது வருடம் இருந்தவன், ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து சுற்றினேன்.

"மேட்ச்" என்றார். "எந்திரிச்சு வந்து நீங்களும் பாருங்க."

போய்ப் பார்த்தேன். கோடுகள் தத்தம் இடத்தில் நின்றன.

மூன்று விரல்

செவ்வாய்க்கிழமை மரகதத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காரில் உட்கார வைத்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. கண்ணுக்குள் அடைத்த காற்று விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக, இப்போது தலை குனிந்தே இருக்க வேண்டும். தலையணையை மடியில் வைத்து அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்து ஏறினேன்.

"ஏன் இன்னும் ஸ்டார்ட் பண்ணலை?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

"பண்ணியாச்சு."

நம்பவில்லை. குனிந்தபடியே கையை நீட்டித் துழாவி, கியர் தடியைத் தொட்டுப் பார்த்தாள். "ம்" என்றாள். என் வாய்வார்த்தையை இனி அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள் போலும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுதப் பிரியமில்லை. அவள் தரையைப் பார்த்தபடி கிடந்தாள், பார்க்க முடியாத தரையை. நான் சமையல் செய்தேன். அதைப் பற்றியும் புகார்கள் வந்தன. காய்கறிக்காரி வாசலில் நின்று மரகதத்திடம் மராத்தியில் நலம் விசாரித்தாள். அவள் போன பிறகு நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. இருட்டறை. டாக்டர் முதலில் இடது கண்ணைத் திறந்துவிட்டு, அதைக் கையால் மூடிக்கொள்ளச் சொன்னார். பிறகு வலது கண்ணின் பஞ்சை எடுத்தார். இமை வீங்கி, ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துப் பிரித்தார். சின்ன விளக்கை அடித்து, லென்ஸ் வைத்து, நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

அறை விளக்கைப் போட்டார். இரண்டடி தள்ளி நின்று கையைத் தூக்கினார்.

"எத்தனை விரல்?"

மரகதத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கூடாது என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு டாக்டரின் முதுகுதான் தெரிந்தது.

"மங்கலா இருக்கு" என்றாள். "மூணா?"

டாக்டர் கையை இறக்கவில்லை.

நான் எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்ப் பார்த்தேன்.

மூன்றுதான்.